டீசல் கார் மைலேஜ்: திருநகர் தம்பிக்கு ஒரு கணக்கு, அப்புறம் திருத்திய கணக்கு

16 ஆகஸ்ட் 2025, கேள்வி

திருநகரில் குடியிருக்கிறேன். ஆபீஸ் கோரிப்பாளையம் பக்கம், போக வர 22 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை சங்கரன்கோவில் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். இதுதான் முதல் கார். கூட வேலை பார்ப்பவர் "டீசல் எடு, கண்ண மூடிக்கிட்டு இருபத்தஞ்சு குடுக்கும்" என்கிறார். வீட்டில் பெட்ரோல் போதும் என்கிறார்கள். ஒரே மாடலில் டீசலுக்கு 1,20,000 ரூபாய் கூட வருகிறது. டீசல் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

17 ஆகஸ்ட் 2025, பதில்

வாங்கலாம் தம்பி. 2012ல் எடுத்த ஸ்விஃப்ட் டீசலைத்தான் நான் இன்னும் ஓட்டுகிறேன். பம்பு செட் உதிரிப் பாகங்களைக் கடைகளுக்குப் போடும் தொழில். ராஜபாளையம், தேனி, அருப்புக்கோட்டை, சிவகங்கை என்று மாதம் 2,400 கிலோமீட்டர் ஓடும்.

மதுரையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி நிற்கிறது, டீசல் 93ஐ ஒட்டி. பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கொடுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு. டீசல் 22 கொடுத்தால் 4 ரூபாய் 23 காசு. ஏறக்குறைய 3 ரூபாய் மிச்சம். உங்களுக்கு ஆபீஸுக்கு மாதம் 550 கிலோமீட்டர், ஊருக்கு 250, ஆக 800. மாதம் 2,400 ரூபாய், வருஷத்துக்கு 28,800. கூடக் கொடுத்த பணம் நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் திரும்பி வந்துவிடும்.

17 ஆகஸ்ட், இரவு

ஒன்று விட்டுப்போனது. நான் வண்டி எடுத்த 2012ல் நிலைமையே வேறு. அந்த வருஷம் மே கடைசியில் பெட்ரோல் ஒரேயடியாக ஏறியபோது டீசலோடு வித்தியாசம் லிட்டருக்கு 30 ரூபாயைத் தாண்டியது. டீசல் காருக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அதிலிருந்து இரண்டும் நெருங்கிவிட்டன. 2021 ஆகஸ்டில், அப்போது தமிழக நிதியமைச்சராகவும் நம் மதுரை மத்தியத் தொகுதி எம்.எல்.ஏ.வாகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன், பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் வரியைக் குறைத்தார். அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 குறைத்தது. இப்படி ஏறி இறங்கி இன்றைக்கு நிற்பது 8 ரூபாய் வித்தியாசத்தில். என் தலைமுறைக்காரர்கள் "டீசல்தான் லாபம்" என்று சொல்லும்போது மனதில் அந்த 30 ரூபாய்தான் இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் எந்த வருஷம் வண்டி எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

19 ஆகஸ்ட் 2025

22 என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நோட்டை வைத்துத்தான். வண்டி எடுத்த நாளிலிருந்து டீசல் போட்ட ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது மூன்றாவது நோட்டு.

ஒரே பங்க், முடிந்தவரை ஒரே இடத்தில் வண்டியை நிறுத்துவேன். டீசல் போடும் துப்பாக்கி தானாக 'டக்' என்று நின்றதும் அதோடு சரி. 3,500 ஆகட்டும் என்று ரவுண்டாக்க விடமாட்டேன். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டுவேன். அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுப்பேன். ஒரு டேங்கை நம்பக் கூடாது, மூன்று டேங்க் சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும். காரின் திரை காட்டுவதை நம்பாதீர்கள். என் வண்டியில் அது 24.5 காட்டும் நாளில் நோட்டில் 22.6 வரும்.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. சோழவந்தானில் எங்களுக்குக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலைக்குத் தண்ணீர் இறைக்க ஆயில் எஞ்சின். காலையில் ஓட்டுவதற்கு முன்னால் டேங்கில் ஒரு வேப்பங்குச்சியை விட்டு ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். நிறுத்தியதும் மறுபடி அதே குச்சி. இரண்டு கோட்டுக்கும் இடையில் எத்தனை பாத்தி பாய்ந்தது என்று மனதிலேயே வைத்திருப்பார். கூடக் குடித்தால் அன்றைக்கே நாசில் கழற்றிப் பார்க்கப்படும். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் குச்சி வைக்கோல் படப்பு ஓரம் செருகியே இருக்கும், யாரும் தொடக் கூடாது.

22 ஆகஸ்ட் 2025

17ஆம் தேதி போட்ட கணக்கு தப்பு. தேனியிலிருந்து ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "உங்க 22 ரோட்டுல ஓடுன 22. அவரு ஓட்டப்போறது பழங்காநத்தத்துக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவுல. அதுக்கு எப்படி 22 போட்டீங்க?" சரியான கேள்வி.

நோட்டைப் புரட்டினேன். ஊருக்குள் மட்டுமே ஓடிய டேங்க் ஒன்றுதான் கிடைத்தது. 2019 ஜூன், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஒரு நாளைக்கு மூன்று நடை, எல்லாம் ஏசி போட்டு. அந்த டேங்க் 15.8. மைத்துனரின் பெட்ரோல் ஸ்விஃப்ட்டையும் கேட்டேன். ஊருக்குள் 13, நாலுவழிச் சாலையில் 17.

திருத்திய கணக்கு: ஊருக்குள் 550 கிலோமீட்டரில், டீசல் 16 என்றும் பெட்ரோல் 13 என்றும் வைத்தால், மிச்சம் 1,076 ரூபாய். சங்கரன்கோவில் 250 கிலோமீட்டரில் 22க்கும் 17க்கும் மிச்சம் 428. மாதம் 1,500 ரூபாய், வருஷம் 18,000. போட்ட பணம் திரும்ப ஆறரை வருஷம் தாண்டும். கடனில் எடுத்தால் அந்த 1,20,000க்கு மட்டும் 9 சதவீதத்தில் முதல் வருஷ வட்டியே 10,000 ரூபாய்க்குப் பக்கம் போகும். சர்வீஸ் செலவும் டீசலுக்குக் கூடுதல்தான். எஞ்சின் ஆயில் அதிகம் பிடிக்கும், டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டும், இன்ஜெக்டரில் கை வைத்தால் பெரிய செலவு.

"வாங்கலாம்" என்று முதல் வரியில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் தம்பி. யாராவது அதை மட்டும் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டியிருந்தால் மன்னிக்கவும்.

24 ஆகஸ்ட் 2025

டயர் காற்று. வாரம் ஒரு தடவை, வண்டி சூடாகும் முன்னால், காலையில். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள், பங்க் பையன் வாயில் வரும் அளவை அல்ல. பெட்ரோலோ டீசலோ, மைலேஜுக்குக் காசே செலவில்லாமல் செய்யக்கூடியது இது.

31 ஆகஸ்ட் 2025

பணக் கணக்கைவிட முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். தங்கச்சி வீட்டில் நடந்ததை நேற்று அவளோடு பேசும்போதுதான் நினைவு வந்தது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கும் டீசல் கார்களில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி உண்டு. புகையில் வரும் கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அதைச் சுட்டெரிக்க வேண்டும். அதற்கு உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் பதினைந்து இருபது நிமிஷத்தில் அந்த வேலை தானாக முடிந்துவிடும். ஊருக்குள் நின்று நின்று ஓடினால் சூடே ஏறாது.

தங்கச்சிக்கு கே.கே. நகரிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். மாப்பிள்ளை மைலேஜ் பார்த்து 2021ல் டீசல் கார் எடுத்தார். எட்டாவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டி எரித்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி. மூன்றாவது தடவை ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு கூடியிருக்கிறது. ஆயில் குறையும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், கூடுமா? கரியை எரிக்கக் கூடுதலாக அடிக்கும் டீசல், எரிப்பு பாதியில் நின்றுபோகும்போதெல்லாம் சிலிண்டர் ஓரமாக வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. அவள் பள்ளி வாசலில் நிறுத்தியதும் ஃபேன் மட்டும் 'கும்'மென்று சுற்றிக்கொண்டே இருக்குமாம், ஏதோ ஏசி கோளாறு என்று நினைத்திருக்கிறாள். வண்டி பாதி எரித்துக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறாள், பாவம். விற்கும்போது இதை ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொல்லியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆயில் மாற்றிய பிறகு நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடை தாண்டித் திருச்சி ரோட்டில் போனேன். ஒரு கியர் குறைத்து, 2,000 சுற்றுக்குக் கீழே விடாமல். மேலூர் தாண்டியது, விளக்கு அப்படியே இருந்தது. கொட்டாம்பட்டி கிட்டே போகும்போதுதான் அணைந்தது. அதற்கப்புறம் மாப்பிள்ளை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அப்படி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருகிறார். யோசித்துப் பாருங்கள், டீசல் மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டிக்கு வேலையே இல்லாமல் எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் டீசல் எரிக்க வேண்டியிருக்கிறது.

பழங்காநத்தத்தில் என் மெக்கானிக் சொன்னது: "அண்ணே, டீசல் வண்டி உழவு மாடுண்ணே. கட்டிப்போட்டு வச்சா நோவு வந்துரும்."

1 செப்டம்பர் 2025

அந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்யாதீர்கள். சட்டப்படி தப்பு, அது இருக்கட்டும். அந்தக் கரியெல்லாம் எங்கே போகும்? சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மூக்குக்குள்தான்.

என் வண்டி பி.எஸ்.6க்கு முந்தையது, வடிகட்டி கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கே உறுத்துகிறது. ஊருக்குள் முடிகிற இடத்துக்கெல்லாம் இப்போது ஸ்கூட்டரில்தான் போகிறேன்.

5 செப்டம்பர் 2025

தம்பி, அவசரப்படாதீர்கள். 22ஆம் தேதியிலிருந்து ஜி.எஸ்.டி. மாறுகிறது. நாலு மீட்டருக்குள் இருக்கும் கார்களில் 1,200 சி.சி. வரை பெட்ரோலுக்கு 29 சதவீதமாக இருந்தது, 1,500 சி.சி. வரை டீசலுக்கு 31. இரண்டும் 18 ஆகிறது. டீசலுக்கு 13 புள்ளி குறைகிறது, பெட்ரோலுக்கு 11. அந்த 1,20,000 வித்தியாசமும் கொஞ்சம் குறையும். புது விலைப்பட்டியல் வந்ததும் 22 ஆகஸ்ட் கணக்கில் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆறரை வருஷம் ஐந்தரை வருஷத்தை ஒட்டி வரலாம்.

11 செப்டம்பர் 2025

கல்லூரியில் படிக்கும் மகள் நோட்டைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "லிட்டர்ல ஏம்ப்பா அளக்குறீங்க? ரெண்டும் ஒரே எடையா?"

இல்லை. டீசல் அடர்த்தி கூடியது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் வெப்ப ஆற்றல் அதிகம். ஆக டீசலின் மைலேஜில் ஒரு பங்கு, லிட்டருக்குள்ளேயே கூடுதல் சரக்கு இருப்பதால் வருவது. மீதிதான் எஞ்சினின் திறமை. பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியில் ஒரு கதவு உண்டு. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் அந்தக் கதவு பாதி மூடி நிற்கும், எஞ்சின் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுப்பது மாதிரி சிரமப்படும். டீசலில் அப்படி அடைப்பதில்லை, காற்று தாராளமாகப் போகும், அடிக்கும் டீசலை மட்டும் கூட்டிக் குறைப்பார்கள். அழுத்தமும் அதிகம், காற்றை இறுக்கிய சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும், பிளக் பொறி வேண்டியதில்லை.

மகள் விடவில்லை, புகையையும் கணக்குப் போட்டாள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.31 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசலுக்கு 2.68 கிலோ. அப்படியென்றால் நாலுவழிச் சாலையில் 22 கொடுக்கும் டீசல் கிலோமீட்டருக்கு 122 கிராம் விடுகிறது, 17 கொடுக்கும் பெட்ரோல் 136. மைலேஜில் முப்பது சதவீதம் நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, காற்றுக்குப் பத்து சதவீதம்தான் நல்லதாம். ஊருக்குள் அதுவும் இல்லை, ஆறு. பதின்மூன்று வருஷம் நோட்டு எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை.

14 செப்டம்பர் 2025

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் குறைவு. மைத்துனர் சொன்ன 13, 17 எல்லாம் பழைய நினைவில் சொன்னதா, இப்போதைய பெட்ரோலில் அளந்ததா என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

(16ஆம் தேதி சேர்த்தது: இந்த வருஷம் அளந்ததுதான். கணக்கு நிற்கும்.)

21 செப்டம்பர் 2025

வேகத்தைப் பற்றி. சரக்கோடு கோவில்பட்டி போக வேண்டியிருந்தது, அளந்துவிடலாம் என்று தோன்றியது. போகும்போது 80ஐத் தாண்டவில்லை. கோவில்பட்டியில் டேங்க் நிரப்பி, கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, வரும்போது 100ல் வந்தேன். போனது 22.8, வந்தது 21.0. வெறும் 1.8தான் வித்தியாசம். வேகத்தால் பெரிதாக ஒன்றும் போகாது போல.

29 செப்டம்பர் 2025

மேலே எழுதியதை நம்ப வேண்டாம். காற்றை மறந்துவிட்டேன். இந்த மாதங்களில் அந்தப் பக்கம் தென்மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று விருதுநகர் தாண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? தெற்கே போகும்போது காற்று முகத்தில், திரும்பும்போது முதுகில். போதாததற்குப் போகும்போது டிக்கி நிறையச் சரக்கு, வரும்போது காலி. 80க்கு எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, 100க்கு எல்லா உதவியையும் செய்திருக்கிறேன்.

இந்த முறை இரண்டு நாள், காலி வண்டி, போக வர இரண்டுமே ஒரே வேகத்தில். முதல் நாள் 80: 24.1. மறுநாள் 100: 20.2. இரு நாளும் 200 கிலோமீட்டர் சொச்சம். 100ல் வந்த நாளில் 1.6 லிட்டர் கூடக் குடித்திருக்கிறது, 150 ரூபாய். அதற்குக் கிடைத்தது இருபது நிமிஷம். திருமங்கலம், சாத்தூர் என்று வேகம் குறைக்க வேண்டிய இடங்கள் இருப்பதால் முழு அரை மணி நேரம் கிடைக்காது.

80க்கும் 100க்கும் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல். டீசல் காரை 110, 120ல் ஓட்டிவிட்டு மைலேஜ் வரவில்லை என்று சொல்பவர்களிடம் இனிமேல் இந்த இரண்டு எண்ணைச் சொல்லப்போகிறேன்.

6 அக்டோபர் 2025

கொடைக்கானல் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டேன். தயவுசெய்து வேண்டாம்.

முதலில், மிச்சமே கிடையாது. இப்போதைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அடிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் உயிரோடு இருப்பதற்காக டீசல் குடித்தாக வேண்டும். இறக்கத்தில் கியரில் விட்டதுதான் சிக்கனம்.

இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. நியூட்ரலில் மொத்த வண்டியையும் பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். பெருமாள் மலையிலிருந்து காட்ரோடு வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். எஞ்சினையே நிறுத்தி உருட்டுபவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்கம் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும். ஏறின கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதையே செய்யுங்கள். செகண்ட், தேர்ட். ஆண்டிபட்டி கணவாயிலும் இதேதான், சின்ன இறக்கம் என்று அலட்சியம் வேண்டாம்.

18 அக்டோபர் 2025

தீபாவளிக்குத் துணி எடுக்கத் தெற்குமாசி வீதிப் பக்கம் போய் மாட்டிக்கொண்டோம். வீட்டுக்காரி வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நாலு கிலோமீட்டர். ஏசியோடு நின்றபடியே எஞ்சின் ஓடியது. இந்த டேங்க் கெட்டுவிட்டது, நோட்டில் ஓரமாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன்.

தம்பி, உங்கள் ஆபீஸ் கோரிப்பாளையம் என்பது நினைவுக்கு வந்தது. அங்கே மேம்பால வேலை முடியும்வரை உங்களுக்கு 16 வராது, 14 வைத்துப் பாருங்கள். பெட்ரோலும் குறையும்தான், 11 என்று வைக்கலாம்.

26 அக்டோபர் 2025

டீசல் கார் பத்து வருஷம்தானே ஓட்ட முடியும் என்று கேட்டவருக்கு: அது டில்லி வட்டாரத்துக் கதை. நம் ஊரில் பதிவு 15 வருஷம், அப்புறம் தகுதிச் சான்று எடுத்துப் புதுப்பிக்கலாம். என் வண்டிக்கு 2027ல் வருகிறது. புதுப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாதம் 2,400 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு டீசல்தான் சரி என்று பணக் கணக்கு சொல்கிறது. வடிகட்டி இல்லாத வண்டியை இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாமா என்று மகள் கேட்கிறாள். வடிகட்டி உள்ள டீசல் புதிதாக எடுக்கலாம், என் ஓட்டத்துக்கு அது அடைக்காது. இப்போதைக்கு மனம் அந்தப் பக்கம் சாய்கிறது.

9 நவம்பர் 2025

தம்பி பெட்ரோல் கார் எடுத்துவிட்டாராம், நேற்றுச் செய்தி அனுப்பினார். சந்தோஷம். தினமும் மதுரைக்கும் தேனிக்கும் ஓடுகிற அவருடைய மச்சான் இந்த இழையைப் படித்துவிட்டு டீசல் எடுத்திருக்கிறாராம். அதுவும் சரிதான், அவருக்குப் போக வர 150 கிலோமீட்டர்.

இன்றைக்குப் போட்டது 38.2 லிட்டர், ஓடியது 871, வந்தது 22.8. வண்டிக்கு வயது பதின்மூன்று.

தம்பி, முதல் சர்வீஸ் முடிந்ததும் மூன்று டேங்க் அளந்து இங்கே போடுங்கள். துப்பாக்கி 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள், ரவுண்டாக்க விடாதீர்கள்.